நோட்டில் இல்லாத பெயர்கள்

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. விடிந்ததிலிருந்து ஊருக்குப் போட்ட போன் ஒன்றுகூடப் போகவில்லை. கஜா புயல் நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியதாகத் தொலைக்காட்சியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர் பேராவூரணிக்குப் பக்கம். வேதாரண்யத்தில் ஏறுகிற புயல் நம்ம பக்கம் வருவதற்குள் வெறும் மழையாகிவிடும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் பார்த்த புயல்கள் அப்படித்தான் வந்து போயிருந்தன. இது அப்படிப் போகவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணி, புதுக்கோட்டை என்று நிலத்துக்குள் நெடுந்தூரம் போய், திண்டுக்கல் வரைக்கும் ஆட்டிவிட்டுத்தான் ஓய்ந்தது. சென்னையில் நாங்கள் இருந்த தெருவில் அன்றைக்கு ஒரு இலைகூட அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை பெரியம்மா மகள், அக்கா, போன் செய்தாள். மொட்டை மாடியில் நின்று சிக்னல் பிடித்துப் பேசினாள். "எல்லாரும் உசுரோட இருக்கோம். ஒரு மரம் நிக்கல தம்பி." அவ்வளவுதான் கேட்டது, லைன் போய்விட்டது.

தென்னையைத் தெரியாதவர்களுக்கு அந்த இரண்டாவது வாக்கியத்தின் கனம் புரியாது. எங்கள் பகுதி கல்லணைக் கால்வாயின் கடைமடை. ஆற்றில் தண்ணீர் வருவது நிச்சயமில்லை என்றானபிறகு நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறிய நிலம். ஏக்கருக்குச் சுமார் 70 மரம். நட்டால் நாட்டு ரகம் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அதற்கப்புறம் இரண்டு தலைமுறைக்குச் சோறு போடும். மகள் கல்யாணமும் மகன் படிப்பும் ஆஸ்பத்திரிச் செலவும் அந்த மரத்தின் மேலிருந்துதான் இறங்கும். ஒரே இரவில் அது அத்தனையும் வேரோடு படுத்துவிட்டது.

அன்றிரவு வாட்ஸப்பில் தெரிந்தவர்கள் நாற்பது பேருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். "எங்கள் ஊருக்கு உதவி வேண்டும், முடிந்ததைத் தாருங்கள், செலவுக் கணக்கு அனுப்புகிறேன்" என்று மூன்று வரி. அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் கேரள வெள்ளத்துக்காக எங்கள் குடியிருப்பிலிருந்து ஒரு வேன் நிறையப் பொருள் போயிருந்தது. மூன்றே மாதத்தில் மறுபடியும் கேட்கிறோமே, யார் தருவார்கள் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமைக்குள் 1,86,000 ரூபாய் வந்து நின்றது. கல்லூரியில் உடன் படித்து, பத்து வருஷமாகப் பேசாத ஒருவன் 5,000 அனுப்பியிருந்தான். அலுவலகத்தில் துப்புரவு வேலை பார்க்கும் அம்மா கையில் 200 ரூபாயைக் கொடுத்து, "எழுதிக்கிடாதீங்க சார்" என்றார்.

பணம் வந்ததும் பயம் வந்துவிட்டது. இதை வைத்து என்ன செய்வது?

என் மனம் முதலில் போனது லாரிக்குத்தான். ரொட்டி, தண்ணீர் பாட்டில், சேலை, போர்வை எல்லாம் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினால் வேலை முடிந்தது. ஆனால் 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பார்த்தது நினைவுக்கு வந்தது. அப்போது நான் கல்லூரி மாணவன். ஊர் ஊராக வந்த பழைய துணி மூட்டைகள் சாலையோரத்தில் பிரிந்து கிடந்தன. மழையில் நனைந்து, மாடு மிதித்து, யாரும் தொடாமல். மீனவக் குடும்பங்கள் கந்தலுக்குக் காத்துக்கொண்டிருக்கவில்லை, அவர்களுக்குப் படகும் வலையும் போயிருந்தது. கொடுத்தவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. தங்கள் அலமாரியில் என்ன அதிகமாக இருந்ததோ அதைக் கொடுத்தார்கள். வாங்குகிறவருக்கு எது குறைகிறது என்று கேட்க அவர்களுக்கு அங்கே ஆள் இல்லை.

எனக்கு ஆள் இருந்தது. புதன்கிழமை அக்காவின் போன் கிடைத்தபோது, "என்ன வாங்கி வரட்டும்?" என்று கேட்டேன். அவள் சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "ஒண்ணும் வாங்கி வராதே. மெயின் ரோட்டுல லாரிய மறிச்சு அவங்கவங்க எறக்கிக்கிறாங்க, உள்ள வரைக்கும் வராது. பணமாக் கொண்டா. இங்க என்ன தேவைன்னு நாங்க பாத்துக்குறோம்."

அக்கா மகளிர் சுயஉதவிக் குழு நடத்துகிறவள். பத்து வருஷத்துக்கும் மேலாக வாரா வாரம் பணம் வசூலித்து, கடன் கொடுத்து, திருப்பி வாங்கி, நீள நோட்டில் எழுதிப் பழகியவள். எந்த வீட்டில் யார் குடிக்கிறான், எந்த வீட்டில் கிழவி தனியாக இருக்கிறாள், எந்த வீட்டில் மருமகள் ஏழு மாதம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். நான் அந்த ஊரில் பிறந்தவன்தான். ஆனாலும் எனக்கு அதில் பாதிகூடத் தெரியாது.

போகும் வழியில் தஞ்சாவூரில் இறங்கி அவள் சொன்னதை மட்டும் வாங்கினேன். தார்ப்பாய், மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி, நாப்கின். ஊர்ப் பக்கக் கடைகளில் இவை தீர்ந்துபோயிருந்தன, இருந்த இடத்திலும் விலை ஏறியிருந்தது. மீதியை ரொக்கமாக எடுத்துக்கொண்டேன். ஒரத்தநாடு தாண்டியதும் பஸ்ஸுக்குள் பேச்சு நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் தோப்புகள் ஒரே திசையில் படுத்திருந்தன. நின்றிருந்த ஒன்றிரண்டு மரங்களும் கொண்டை முறிந்து மொட்டையாக நின்றன. சாலையின் குறுக்கே விழுந்ததையெல்லாம் ஊர்க்காரர்களே அறுத்து ஓரமாகத் தள்ளி வழி பண்ணியிருந்தார்கள்.

அந்தப் பணத்தில் செய்ததிலேயே எனக்கு இன்றைக்கும் மனசு நிறைகிற வேலை ஒன்று உண்டு. அது என் யோசனை இல்லை. ஊரில் பாதிக்கு மேல் கூரை வீடு. கூரையெல்லாம் பறந்துவிட்டது. தார்ப்பாய் வாங்கி எல்லா வீட்டுக்கும் போட்டுவிடலாம் என்றேன். அக்கா, "தார்ப்பா வெயிலுக்குத் தாங்காது. கீழ கெடக்குற மட்டையப் பாரு" என்றாள். விழுந்த மரங்களின் பச்சை மட்டை லட்சக்கணக்கில் கிடந்தது. இன்னும் பத்து நாள் விட்டால் காய்ந்து அடுப்புக்குத்தான் ஆகும். இப்போதே குளத்தில் ஊறப் போட்டு முடைந்தால் கீற்று. அடுத்த வருஷம் கூரை மாற்ற வேண்டும் என்றால் மட்டை வெட்ட மரமே இருக்காது, கீற்றை வெளியூரிலிருந்து விலைக்குத்தான் வாங்க வேண்டும் என்பதையும் அவள்தான் சொன்னாள்.

மறுநாளிலிருந்து குளத்தங்கரையில் முப்பது பெண்கள் உட்கார்ந்து கீற்று முடைந்தார்கள். நாளுக்கு 250 ரூபாய் கூலி. பன்னிரண்டு நாள் நடந்தது. கூலி அந்த வீடுகளுக்கு அரிசியாகவும் பருப்பாகவும் போனது, கீற்று ஊருக்குக் கூரையாக ஏறியது. ஒரே ரூபாய் இரண்டு வேலை செய்தது. சென்னையில் உட்கார்ந்து நான் எத்தனை நாள் யோசித்தாலும் எனக்கு இது தோன்றியிருக்காது. எந்த நிவாரணப் பட்டியலிலும் 'மட்டை காய்வதற்குள் முடையக் கூலி' என்று ஒரு வரி இருக்கவும் இருக்காது.

இன்னொன்று தண்ணீர். மின்கம்பங்கள் விழுந்துவிட்டதால் மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் ஓடவில்லை. தொட்டி முழுசாக நின்றது, தண்ணீர்தான் இல்லை. ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, டீசல் ஊற்றி, காலையில் இரண்டு மணி நேரம் மோட்டாரை ஓட்டினால் ஊர் முழுக்கக் குடத்தில் பிடித்துக்கொள்ளலாம். தண்ணீர் பாட்டிலுக்குச் செலவழிக்க இருந்த பணத்தில் டீசல் வாங்கினோம். அதே ஜெனரேட்டரில் பலகை ஒன்றில் பத்துப் பதினைந்து பிளக் அடித்து எல்லார் செல்போனுக்கும் சார்ஜ் போட்டார்கள். வெளியில் அதற்குக் காசு வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. கார்த்திகை தீபம் அந்த நவம்பர் 23-ஆம் தேதி வந்தது. ஊரே இருட்டில் கிடக்க, தீபத்துக்கு எண்ணெய் வாங்கவும் கொஞ்சம் பணம் வேண்டும் என்று ஒரு கிழவி அக்காவிடம் கேட்டாள். அக்கா கொடுத்தாள். நோட்டில் 'விளக்கெண்ணெய் 180' என்று இருக்கிறது. கணக்கு அனுப்பியபோது நன்கொடை கொடுத்த ஒருவர் அந்த வரியைக் குறித்துக் கேட்டார். நான் விளக்கினேன், அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அந்த 180 ரூபாய் சரியான செலவு என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

மரம் அறுக்கும் மெஷினுக்குப் பணம் கேட்டபோதுதான் கொடுத்தவர்கள் தயங்கினார்கள். பசிக்குக் கேட்டால் உடனே தருகிற மனசு பெட்ரோலுக்குக் கேட்டால் யோசிக்கும். ஆனால் விழுந்த மரம் தோப்பில் கிடந்தால் மட்கும். மட்கிய தென்னந்தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும். அந்த வண்டுதான் அடுத்து நடப்போகிற கன்றின் குருத்தைத் துளைக்கும். அதனால் மரத்தை அப்புறப்படுத்துவது நிலத்தை அழகு பண்ணுகிற வேலை இல்லை, அடுத்த தோப்புக்கு உயிர்வேலை. அரசு மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று 1,100 அறிவித்தது. அது கைக்கு வருகிற வரைக்கும் மெஷினும் ஆளும் காத்திருக்க மாட்டார்கள். செங்கல் சூளைக்காரர்கள் இலவசமாக எடுத்துப்போகக்கூட யோசித்தார்கள், அவ்வளவு மரம் கிடந்தது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருந்த எட்டுக் குடும்பங்களுக்கு மெஷின் வாடகை கொடுத்தோம். எட்டுத்தான் முடிந்தது.

எங்கள் வட்டாரத்துக்கென்று ஒரு பழக்கம் உண்டு. பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு, ஆலங்குடிப் பக்கம் ஆடி ஆவணி வந்தால் மொய் விருந்து களைகட்டும். வீட்டில் விசேஷமே இருக்க வேண்டியதில்லை. பணத்தேவை இருக்கிற நாலைந்து பேர் சேர்ந்து பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, பத்திரிகை அடித்து அழைப்பார்கள். வருகிறவர்கள் மொய் எழுதுவார்கள். வாங்கியவர் பிறகு அவர்கள் நடத்தும் விருந்தில் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். பத்திரம் கிடையாது, ஜாமீன் கிடையாது, ஒரு நோட்டுத்தான். அந்த நோட்டை வைத்துக் கிணறு வெட்டியவர்கள், வெளிநாடு போனவர்கள், கடை வைத்தவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். அதில் இருக்கிற குறையும் எனக்குத் தெரியும். திருப்பிச் செய்ய முடியாமல் தோப்பை விற்றவர்களும் உண்டு. ஆனாலும் ஒருவர் தேவைக்கு நூறு பேர் நேரடியாகக் கைகொடுப்பது எங்களுக்கு இணையத்தில் கற்றுக்கொண்ட விஷயம் இல்லை.

அதனால்தான் வாங்குவது அங்கே அவ்வளவு கஷ்டமாக இருந்தது. கஜாவுக்கு முன்னால் அந்த மக்கள் யாரிடமும் போய்க் கையேந்தியவர்கள் இல்லை. வரிசையில் நிற்கச் சொன்னால் வீட்டுக்குள் போய்விட்டார்கள். அறுபத்தைந்து எழுபது வயதிருக்கும் ஒருவர், இரண்டு ஏக்கர் தோப்புக்காரர், கீற்றும் அரிசியும் கொண்டுபோனபோது வாங்க மாட்டேன் என்று நின்றார். அக்கா கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில், "அப்பன்னா எம்பேர எழுது. எவ்வளவுன்னும் எழுது. நான் திருப்பிச் செய்யணும்" என்றார். சரி என்று அவர் முன்னாலேயே நோட்டில் எழுதினாள். அதற்கப்புறம்தான் மூட்டையைத் தொட்டார்.

இப்படிப்பட்ட மனிதரைக் கையில் பையோடு நிற்க வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி எனக்கு இரண்டு மூன்று செய்திகள் வந்திருந்தன. கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பணம் போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை, அதுவும் போலிக் கோரிக்கைகள் சுற்றுகிற காலத்தில். பழைய படத்தைப் போட்டு, கணக்கு எண்ணை மட்டும் மாற்றி அனுப்புகிறவர்கள் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் புயலுக்கும் வந்துவிடுகிறார்கள். அக்காவிடம் கேட்டேன். "மொகம் வேணாம். கூரைய எடுத்துக்க, நோட்ட எடுத்துக்க" என்றாள். அப்படியே செய்தோம். நோட்டுப் பக்கங்களில் பெயர்களை மறைத்து, தொகை தெரிகிற மாதிரி படமெடுத்து வாரம் ஒருமுறை எல்லாருக்கும் அனுப்பினேன். கடை ரசீது இருந்ததற்கு ரசீது. இல்லாததற்கு, 'டீசல், ரசீது இல்லை' என்று ஒளிக்காமல் எழுதினோம். முகம் கேட்டவர்கள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அதில் ஒருவர் இரண்டாம் முறையும் பணம் அனுப்பினார்.

பணம் வாங்குகிற விஷயத்தில் எனக்குத் தெரியாமல் நான் மாட்டிக்கொள்ள இருந்த இடங்களையும் சொல்லிவிடுகிறேன், அடுத்து செய்கிறவர்களுக்கு உதவும். என் சொந்த சேமிப்புக் கணக்கிலேயே எல்லாப் பணத்தையும் வாங்கினேன். அது தவறு. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால் மொத்தத் தொகையும் வருமான வரிக்குக் கணக்காகிவிடும். அது எனக்கு வந்த அன்பளிப்பு இல்லை, பிறருக்காக வாங்கிக் கொடுத்தது என்று காட்ட வேண்டுமானால் கையில் காகிதம் இருக்க வேண்டும். தெரிந்த ஆடிட்டர் ஒருவர் நோட்டையும் ரசீதுகளையும் பார்த்துவிட்டு, "இது இருக்கிறதால தப்பிச்சீங்க" என்றார். இரண்டாம் சுற்றில் வழியை மாற்றினோம். பட்டுக்கோட்டையில் ஒரு இரும்புக் கடை, ஒரு அரிசிக் கடை. கொடுப்பவர்கள் கடையின் கணக்குக்கே நேராக அனுப்பினார்கள், கடைக்காரர் அக்காவின் பெயரில் வரவு வைத்துப் பொருள் கொடுத்தார். என் கை வழியாகப் பணம் போகவே இல்லை. புயலில் அடிபட்ட கடைக்கும் வியாபாரம் நடந்தது.

சிங்கப்பூரிலிருந்து நிறையப் பேர் கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கொருவர் அங்கே இருப்பார்கள். இந்தியப் பாஸ்போர்ட்டில் இருப்பவர் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், அவர் நம்ம ஊர்க்காரராகவே இருந்தாலும் சட்டப்படி அது வெளிநாட்டு நன்கொடை. என்னைப் போன்ற தனி ஆள் ஊருக்கென்று அதை வாங்கிவிட முடியாது, அதற்குப் பதிவோ அனுமதியோ வேண்டும். அப்படிக் கேட்ட மூன்று பேரிடம் வேண்டாம் என்று சொன்னேன். வருத்தப்பட்டார்கள். அதில் ஒருவர் ஊரில் இருந்த தன் தங்கையின் வீட்டுக் கூரையைப் போட்டுக் கொடுத்தார். சொந்தத் தங்கைக்குச் செய்வதற்குத் தடை ஏதுமில்லை.

இத்தனையும் சொன்ன பிறகு, நாங்கள் செய்த பெரிய தவறைச் சொல்லாமல் இருக்க முடியாது.

டிசம்பர் முதல் வாரம். கையில் 30,000 சொச்சம் மிச்சம் இருந்தது. ஊருக்குள் எல்லாக் கூரையும் ஏறிவிட்டது என்று திருப்தியாக இருந்தோம். அப்போது கீற்று முடைய வந்த பெண்களில் ஒருவர், வேலை முடிந்து கூலி வாங்கும்போது, "எங்க தெருவுக்கு எப்பம்மா வருவீங்க?" என்று அக்காவிடம் கேட்டார். ரொம்பச் சாதாரணமாகத்தான் கேட்டார். அவர் இருந்தது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், ஆதிதிராவிடர் தெரு. அறுபது வீடு. பன்னிரண்டு நாளாக எங்கள் கூரைக்கு அவர் கீற்று முடைந்திருக்கிறார். அவர் வீட்டில் தார்ப்பாய்கூட இல்லை, பழைய பிளக்ஸ் பேனரைக் கட்டி வைத்திருந்தார்கள்.

நாங்கள் யாரையும் ஒதுக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் எனக்கு விருப்பமில்லை. பட்டியல் அக்காவின் குழு நோட்டிலிருந்து எழுதப்பட்டது. குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் எங்கள் இரண்டு தெருக்காரர்கள். வாய்க்காலைத் தாண்டி இருந்தவர்களுக்கு வேறு குழு, வேறு நோட்டு. எங்கள் நோட்டில் இல்லாத பெயர் எங்கள் கண்ணில் படவில்லை. அந்தத் தெருவில் இருந்து சென்னையில் வேலை பார்த்து, நாற்பது பேருக்கு வாட்ஸப் அனுப்பக்கூடிய ஆள் ஒருவரும் இல்லை.

தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் வழியாகப் போகிற பணம், தெரிந்தவர்கள் இருக்கிற இடத்தில் நின்றுவிடுகிறது. நேரடி உதவியைப் பற்றி உயர்வாகப் பேசுகிறவர்கள், என்னையும் சேர்த்து, இதைச் சொல்வதில்லை. அரசாங்கப் பட்டியல் மெதுவாக வரும், குழப்பமாக வரும், ஆனால் கணக்கெடுப்பு என்று ஒன்று நடந்தால் வாய்க்காலின் இரண்டு பக்கமும் நடந்தாக வேண்டும் என்ற கட்டாயமாவது இருக்கிறது. எங்களுக்கு அந்தக் கட்டாயமும் இல்லை. மனசாட்சிதான் இருந்தது, அது பன்னிரண்டு நாள் தூங்கியது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. மரம் விழுந்தவருக்கு மரத்துக்கு 1,100 உண்டு. அந்த மரத்தில் ஏறிக் காய் பறித்தவருக்கு? உரித்தவருக்கு? மட்டை சுமந்தவருக்கு? அவர்கள் பெயரில் ஒரு மரமும் இல்லை, அதனால் எந்த விண்ணப்பத்திலும் எழுத ஒன்றும் இல்லை. தோப்பு மறுபடி காய்க்கிற வரைக்கும் அந்தக் கூலி இல்லை என்பதுதான் அவர்களுடைய இழப்பு. புயலில் அதிகம் இழந்தவர் யார் என்று கேட்டால் நாங்கள் தோப்புக்காரரைக் காட்டிக்கொண்டிருந்தோம்.

மிச்சமிருந்த பணம் முழுவதையும் அந்தத் தெருக் குழுவின் தலைவியிடம் அக்கா கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுக்கும்போது அக்கா ஒரு நிபந்தனையும் வைக்கவில்லை, அதை நான் பெரிதாக மதிக்கிறேன். நான் இருந்திருந்தால் 'கூரைக்கு மட்டும்' என்று சொல்லியிருப்பேன். அவர்கள் பாதியைக் கூரைக்கும், மீதியில் பெரும்பகுதியைக் குழுவில் வாங்கியிருந்த கடன்களின் தவணைக்கும் செலவழித்தார்கள். வேலை இல்லாமல் தவணை தவறினால் அதற்குமேல் வெளிவட்டிக்குப் போக வேண்டியிருக்கும் என்றார்கள். கொடுத்தவர்களில் இரண்டு பேருக்கு அது பிடிக்கவில்லை. 'கடன் கட்டவா பணம் கொடுத்தோம்' என்றார்கள். ஆமாம், அதற்கும்தான். வெளிவட்டிக்குப் போய் மாட்டிக்கொண்டால் புயல் அந்த வீட்டை விட்டு வருஷக்கணக்கில் போகாது. அவர்களிடம் இதைத்தான் சொன்னேன். ஒருவர் ஏற்றுக்கொண்டார், ஒருவர் அதோடு விலகிக்கொண்டார்.

பணம் போதவில்லை என்பதால் மறுபடியும் அந்த நாற்பது பேரிடம் போனேன். இந்த முறை வந்தது 41,000. முதல் முறை மூன்று நாளில் வந்ததில் நாலில் ஒரு பங்குகூட இல்லை, அதுவும் மூன்று வாரத்தில். தொலைக்காட்சியில் இருந்து கஜா போய்விட்டது. ஊரில் பல இடங்களுக்கு அப்போதுதான் கரண்டு வந்துகொண்டிருந்தது. முதல் வாரத்தில் வருகிற பணத்தை முதல் வாரத்திலேயே செலவழித்துவிடக் கூடாது என்று அப்போது கற்றேன். பாதியையாவது இரண்டாம் மாதத்துக்கு எடுத்து வைக்க வேண்டும், கொடுப்பவர்களிடம் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பணம் சும்மா கிடக்கிறதே என்று அவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். பொங்கலுக்கு முன்னால் அரிசி தேவைப்படும்போது அந்தப் பணம் பேசும்.

அரசு செய்ய வேண்டியதை நாங்கள் செய்துவிட்டோம் என்ற நினைப்பு எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. கஜாவில் சாய்ந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பிற மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த மின்வாரியத் தொழிலாளர்கள் சேற்று வயலில் கம்பத்தைத் தோளில் சுமந்துபோய் நட்டதைப் பார்த்தேன். எங்கள் நோட்டால் ஒரு கம்பத்தைக்கூட நட்டிருக்க முடியாது. மாநில அரசு மத்திய அரசிடம் கேட்டது சுமார் 15,000 கோடி. டிசம்பர் கடைசியில் பேரிடர் நிதியிலிருந்து ஒதுக்கப்பட்டது 1,146 கோடி. இந்த இடைவெளியை நாற்பது பேரின் கூகுள் பே நிரப்பிவிடும் என்று யாராவது சொன்னால் அது மக்களை ஏமாற்றும் பேச்சு. கேட்க வேண்டியதை அரசிடம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அக்கா மனு எழுதிக் கொடுத்துக்கொண்டேதான் கீற்றும் முடைய வைத்தாள்.

அந்த நோட்டு இன்னும் அக்கா வீட்டில் இருக்கிறது. அதற்குப் பிறகு அதில் இன்னொரு பகுதி சேர்ந்தது. 2023 டிசம்பர் 17, 18-இல் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் கொட்டிய மழை எல்லாருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஏரல் கடைத்தெருவுக்குள் புகுந்தது. மூன்றாம் நாள் அக்கா போன் செய்தாள். குழுவில் 11,000 சேர்த்து வைத்திருக்கிறோம் என்றாள். கஜாவில் கூரை வாங்கிய வீடுகள் பலவும் அதில் கொடுத்திருந்தன, வாய்க்காலுக்கு அந்தப் பக்கக் குழுவும் சேர்ந்து. "அங்க உனக்குத் தெரிஞ்ச ஆளு யாரு இருக்கா?" என்றாள்.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் அம்மா ஏரல் பக்கம் இருந்தார். அவரிடம் பேசினோம். அவர் தன் தெருவுக்கு என்னென்ன வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒங்க தெருவ விடுங்க, வாழைக்குக் கூலி வேலைக்கு வர்றவங்க எங்க இருக்காங்க?" என்று கேட்டாள். அந்த அம்மா கொஞ்சம் யோசித்து, ஆற்றங்கரையில் ஒரு இருபது வீட்டைச் சொன்னார். சமைக்க அடுப்புகூட இல்லாமல் இருக்கிறார்கள் என்றார். பாத்திரமும் அடுப்பும் வாங்குவது என்று முடிவானது.

பணம் அனுப்புவதற்கு முந்தின நாள் மாலை அந்தத் தோப்புக்காரப் பெரியவர் அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறார். கஜாவுக்குப் பிறகு அவர் நட்ட கன்றுகளில் அப்போதுதான் பாளை வரத் தொடங்கியிருந்தது. திண்ணையில் உட்கார்ந்து இடுப்பு முடிச்சிலிருந்து 500 ரூபாயை எடுத்து வைத்தாராம். "அன்னைக்கு எழுதுனியே, அதை எடுத்து அடிச்சுடு" என்றாராம். அக்காவுக்கு அந்தப் பக்கத்தைத் தேடி எடுக்கவே அரை மணி நேரம் ஆகியிருக்கிறது. ஈரம் பட்டு மை கலங்கியிருந்தது. அவர் எழுந்து போகவில்லை, பெயர் கிடைக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை 11,500 அனுப்பினோம்.